ரூட்டிங் சுழல்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தல்

ஒரு பாக்கெட்டை முதல் ரூட்டர் இரண்டாவதிடம் கொடுக்க, இரண்டாவது அதே பாக்கெட்டை முதலாவதிடமே திருப்பிக் கொடுக்கும் நிலையை ரூட்டிங் சுழல் என்கிறோம். மூன்று நான்கு ரூட்டர்கள் வட்டமாக நின்றும் இப்படிப் பந்தாடலாம். வழித்தடச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு நெறிமுறையும் இதைத் தடுக்க ஏதேனும் ஒரு காவலை வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் சுழல்கள் வரத்தான் செய்கின்றன. நான் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை நெறிமுறையின் உள்ளே பிறப்பதில்லை. ஒரு நெறிமுறையின் காவல் அதன் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஸ்டாடிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் நிலையான வழித்தடம்) எழுதப்படும் இடமும், ஒரு நெறிமுறை கற்ற வழித்தடங்களை இன்னொன்றுக்குக் கைமாற்றும் இடமும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன; சுழல் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. சுழலைத் தடுக்க வைத்த காவல், உண்மையான வழித்தடத்தையே சந்தேகித்துத் தள்ளிவிடுவதால் ஒரு கிளை அலுவலகம் மட்டும் தனித்து நின்றுவிடும். இரண்டு வகையையும் இங்கே அறிகுறி வாரியாகப் பார்க்கலாம். கட்டளைகளைச் சிஸ்கோ ஐஓஎஸ் வழக்கப்படி குறிப்பிட்டிருக்கிறேன். மற்றச் சாதனங்களிலும் இவற்றுக்கு இணையானவை இருக்கின்றன.

சுழல்தானா என்று முதலில் உறுதி செய்தல்

"தொடர்பு கிடைக்கவில்லை" என்ற புகாரை மட்டும் வைத்துக்கொண்டு சுழல் என்று முடிவு கட்டக் கூடாது. பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து பிங் அனுப்பி, வரும் பதில் எந்த வகை என்று பாருங்கள். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் ஃபயர்வால், திரும்பும் வழி, மறுமுனைக் கணினி என எதுவும் காரணமாக இருக்கலாம். சேரிடத்தை அடைய இயலாது என்று இடையிலுள்ள ஒரு ரூட்டர் பதில் அனுப்பினால், பெரும்பாலும் அதன் அட்டவணையில் அந்த முகவரிக்கு வழித்தடமே இல்லை என்று பொருள். வழியிலேயே டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்) தீர்ந்துவிட்டது என்ற பதில் வரும்போதுதான் சுழல் என்ற ஐயம் வலுப்படுகிறது.

1981இல் வெளியான ஆர்எஃப்சி 791 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை) ஐபி பாக்கெட்டின் தலைப்பில் டிடிஎல்லுக்கு 8 பிட் ஒதுக்கியது. ஆகவே அதன் உச்ச அளவு 255. விண்டோஸ் வழக்கமாக 128 என்றும் லினக்ஸ் 64 என்றும் வைத்து அனுப்புகின்றன. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியத்தைத் தொட்டால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, அதை அனுப்பியவருக்கு ஐசிஎம்பி (பிழையறிவிப்பு நெறிமுறை) வகை 11 செய்தியால் தெரிவிக்கும். டிடிஎல் சுழலைத் தடுப்பதில்லை. சுழலில் சிக்கிய பாக்கெட்டுக்கு ஓர் ஆயுள் வரம்பை வைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆயுள் முடியும்வரை அது இணைப்பைத் தின்றுகொண்டிருக்கும். டிடிஎல் 128 உடைய பாக்கெட் இரண்டு ரூட்டர்களுக்கு இடையே மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு திசையிலும் அறுபது முறைக்கு மேல் பயணம் செய்யும். நொடிக்கு 1 மெகாபிட் அளவே உள்ள போக்குவரத்து, அந்த இணைப்பின் இரு திசைகளிலும் ஏறக்குறைய 60 மெகாபிட்டாகப் பெருகித் தெரியும். எனவே, ஒரு குறிப்பிட்ட இணைப்பு மட்டும் திடீரென நிரம்பி, உள்ளே வரும் அளவும் வெளியே போகும் அளவும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால், வேறு எந்தப் புகாரும் வராவிட்டாலும் சுழலைத் தேடத் தொடங்கலாம்.

அடுத்ததாக ட்ரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) எடுங்கள். இரண்டு அல்லது மூன்று முகவரிகள் அதே வரிசையில் மீண்டும் மீண்டும் வந்து 30ஆவது ஹாப் (ஒரு ரூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒரு படி) வரை நீண்டால் சுழல் உறுதி. ஒரே ஹாப்பில் வெவ்வேறு முகவரிகள் பதில் சொல்வது மட்டும் சுழல் ஆகாது. சம மதிப்புள்ள இரண்டு பாதைகளில் ரூட்டர் சுமையைப் பிரித்து அனுப்பும்போதும் அப்படித் தெரியும். வெறும் நட்சத்திரக் குறிகளை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

சுழலில் உள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் ஏறி, பாதிக்கப்பட்ட முகவரியையே கொடுத்து "ஷோ ஐபி ரூட்" கட்டளையை இயக்குங்கள். முழு அட்டவணையையும் கண்ணால் துழாவுவது வீண் வேலை. அந்த ஒரு முகவரிக்கு எந்த முன்னொட்டு (10.20.0.0/16 போன்ற முகவரித் தொகுதி) பொருந்துகிறது, அதை எந்த நெறிமுறை தந்தது, அடுத்த ஹாப் யார், அந்தப் பதிவுக்கு எவ்வளவு வயது என்னும் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு ஸ்டாடிக் என்றால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். நெறிமுறை ஒன்றே ஆயினும் மெட்ரிக் (நெறிமுறை கணக்கிடும் தூர அளவு) ஏறிக்கொண்டே போனால் மூன்றாம் பகுதி. வயது சில நொடிகளைத் தாண்டாமல் திரும்பத் திரும்பப் புதிதாகி, நெறிமுறையின் பெயரும் மாறிக்கொண்டிருந்தால் நான்காம் பகுதி.

இடையில் ஓர் எச்சரிக்கை. சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஓயாமல் மின்னி, ஒரே விலேனில் (சுவிட்சில் தனியாகப் பிரித்த உள்வலையில்) உள்ள கணினிகள்கூடத் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாமல் போனால் அது இரண்டாம் அடுக்குச் சுழல். ஈதர்நெட் சட்டகத்தில் டிடிஎல் கிடையாது; சுவிட்சுகளின் சுழல் தடுப்பு நெறிமுறையான ஸ்பானிங் ட்ரீ காக்கவில்லையென்றால் அது தானாகச் சாகாது. அதற்கான மருந்து இந்தக் கட்டுரையில் இல்லை.

அறிகுறி: யாரும் பயன்படுத்தாத முகவரிகளுக்குச் செல்லும் பாக்கெட்டுகள் இரண்டு ரூட்டர்களிடையே ஆடுகின்றன

இதுவே மிகவும் பரவலானது. மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே. தலைமை அலுவலக ரூட்டரில் 10.20.0.0/16 முழுவதும் கிளை அலுவலகத்துக்குச் செல்க என்று ஒரு ஸ்டாடிக் ரூட் இருக்கிறது. கிளையில் உண்மையில் இருப்பவை 10.20.1.0/24 முதல் 10.20.4.0/24 வரையிலான நான்கே வலையமைப்புகள். தனக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் அது டிஃபால்ட் ரூட் வழியாகத் தலைமை அலுவலகத்தையே காட்டுகிறது. இந்நிலையில் யாரேனும் 10.20.77.5 என்ற முகவரியைத் தேடினால், தலைமை அதைக் கிளைக்கு அனுப்பும். கிளையில் அதற்குரிய வலையமைப்பு இல்லாததால் டிஃபால்ட் ரூட் பொருந்தி, பாக்கெட் தலைமைக்கே திரும்பும். இரண்டு ரூட்டர்களும் தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் பிழையின்றிச் செய்கின்றன. இங்கே எந்த நெறிமுறையும் ஓடவில்லை. ஆகவே காக்க யாரும் இல்லை.

இல்லாத முகவரியை யார் தேடப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். முகவரி வரம்பை வரிசையாகத் துழாவும் தீநிரல் தேடும். வலையமைப்பில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க நாமே நிறுவிய கண்காணிப்பு மென்பொருளும் தேடும். ஒருமுறை, இரவு சரியாக ஒரே நேரத்தில் ஒரு குத்தகை இணைப்பு நிரம்பி வழிவதற்குக் காரணம் தேடி நான்கு நாள் செலவிட்ட பிறகு, அந்த நேரத்தில்தான் எங்கள் கணக்கெடுப்பு மென்பொருள் ஓடுகிறது என்பதைக் கண்டுகொண்டோம். இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: கிளையின் உள்வலை இன்டர்ஃபேஸ் கீழே விழுந்தால் 10.20.1.0/24 அட்டவணையிலிருந்து நீங்கிவிடும். அதுவரை மறைந்திருந்த டிஃபால்ட் ரூட் பொருந்தத் தொடங்க, உண்மையான பயனர்களுக்கு உரிய போக்குவரத்து முழுவதும் சுழலில் விழும்.

திருத்தம் ஒரே வரி. கிளை ரூட்டரில் 10.20.0.0/16 முழுமைக்கும் வருவதையெல்லாம் வீசிவிடும் போலி இன்டர்ஃபேஸான நல் 0ஐக் காட்டும் ஒரு ஸ்டாடிக் ரூட்டைச் சேருங்கள். மிக நீண்ட முன்னொட்டே வெல்லும் என்ற விதிப்படி உண்மையான /24 வலையமைப்புகளுக்கு எந்தக் குறையும் வராது; அவற்றில் அடங்காத முகவரிகள் மட்டும் அங்கேயே வீசப்படும். ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி ஆகிய வழித்தட நெறிமுறைகளில் வழித்தடங்களைச் சுருக்கி ஒன்றாக அறிவிக்கும்போது ரூட்டர் தானே ஒரு நல் 0 பதிவை உருவாக்கிக்கொள்வது இதே காரணத்தால்தான். அந்தப் பதிவைப் பார்த்துப் பயந்து நீக்கியவர்களும் உண்டு, நீக்காதீர்கள். முகவரி மாற்றத்துக்கென ஒதுக்கிய பொது முகவரித் தொகுதியில் பயன்படுத்தாத முகவரிகளுக்கும் இதே நோய், இதே மருந்து.

ஐபிவி6இல் இது இன்னும் எளிதாக நிகழும், ஏனெனில் ஒதுக்கப்படும் தொகுதிகள் மிகப் பெரியவை, பயன்படுபவை மிகச் சில. சேவையாளர் தந்த முன்னொட்டில் உள்வலைக்கு ஒதுக்காத பகுதிக்கு வரும் பாக்கெட்டுகளை வாடிக்கையாளரின் ரூட்டர் வீசிவிட வேண்டும் என்று 2013இன் ஆர்எஃப்சி 7084 விதிக்கிறது. இரண்டே ரூட்டர்களை நேரடியாக இணைக்கும் கம்பிக்கு /64 கொடுத்தால் மீதமுள்ள முகவரிகளுக்குரிய பாக்கெட்டுகள் இரு முனைகளுக்கும் இடையே ஆடக்கூடும். அதற்கு /127 போதும் என்பதற்கு 2011இன் ஆர்எஃப்சி 6164 தரும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அறிகுறி: மெட்ரிக் படிப்படியாக ஏறி 16இல் போய் நிற்கிறது

இது ஹாப் எண்ணிக்கையையே மெட்ரிக்காகக் கொள்ளும் ரிப் நெறிமுறையின் பழைய நோய். ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று ரூட்டர்கள் ஒரே வரிசையில் இருப்பதாகவும், 10.3.0.0/16 ஆர்3 ரூட்டரில் நேரடியாக இணைந்திருப்பதாகவும் கொள்வோம். அந்த வலையமைப்பு அறுந்த செய்தியை ஆர்3 சொல்வதற்கு முன்பாக, "எனக்கு அங்கே போக வழி தெரியும், மெட்ரிக் 2" என்ற ஆர்2 ரூட்டரின் வழக்கமான அறிவிப்பு வந்து சேர்ந்துவிட்டால், ஆர்3 அதை நம்பி 3 என்று எழுதிக்கொள்ளும். தான் சொன்னதையே தன்னிடம் திருப்பிச் சொல்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அடுத்து ஆர்2 அதை 4 என்று ஏற்கும், ஆர்3 5 என்று ஏற்கும். அறிவிப்புகள் 30 நொடிக்கு ஒருமுறை போவதால், இப்படியே ஏறி எல்லையைத் தொடச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை பாக்கெட்டுகள் இரண்டுக்கும் இடையே சுழலும். எல்லையற்று எண்ணிக்கொண்டே போவதைத் தடுக்கத்தான் 16 என்றால் அடைய இயலாதது என்று வரையறுத்தார்கள். 1988இன் ஆர்எஃப்சி 1058இல் எழுதிய அந்த எண் 1998இல் வந்த ரிப் இரண்டாம் பதிப்பின் ஆர்எஃப்சி 2453இலும் மாறவில்லை. 15 ஹாப்களுக்கு மேற்பட்ட வலையமைப்பை ரிப் தாங்காது என்பது இந்தக் காவலுக்குக் கொடுத்த விலை.

மற்ற காவல்கள் அந்த எண்ணிக்கையே தொடங்காமல் பார்த்துக்கொள்பவை. ஸ்பிளிட் ஹொரைசன் விதி, ஓர் இன்டர்ஃபேஸ் வழியாகக் கற்ற வழித்தடத்தை அதே இன்டர்ஃபேஸ் வழியாகத் திருப்பி அறிவிக்காதே என்கிறது. பாய்சன் ரிவர்ஸ் ஒரு படி மேலே போய், திருப்பி அறிவி, ஆனால் 16 என்று அறிவி என்கிறது. சும்மா இருப்பதைவிட "என் வழியாக வராதே" என்று வெளிப்படையாகச் சொல்வது பாதுகாப்பானது; அறிவிப்பின் அளவு கூடுவதுதான் அதன் குறை. இவை இரண்டும் இரு ரூட்டர்களுக்கு இடையிலான சுழலைத்தான் தடுக்கும். மூன்று ரூட்டர்கள் முக்கோணமாக இருந்தால் பொய்ச் செய்தி வேறொரு பக்கமாகச் சுற்றி வந்துவிடும். அதற்காகத்தான், மாற்றம் நேர்ந்ததும் 30 நொடி காத்திராமல் உடனடி அறிவிப்பை அனுப்பும் ஏற்பாடு வந்தது. சிஸ்கோ சாதனங்கள் அதோடு ஹோல்டுடவுன் என்ற காத்திருப்பையும் வைத்திருக்கின்றன: இறந்ததாக அறிவிக்கப்பட்ட வழித்தடத்துக்கு மாற்றாக, பழையதைவிட மேம்படாத எந்தச் செய்தி வந்தாலும் குறிப்பிட்ட நேரம்வரை நம்ப மறுப்பது.

மெட்ரிக் ஏறுவதைக் கண்டால் முதலில் "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்" வெளியீட்டில் ஸ்பிளிட் ஹொரைசன் இயங்குகிறதா என்று பாருங்கள். முன்னொரு காலத்தில் யாரோ ஏதோ ஒரு காரணத்துக்காக அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள்; காரணம் போயிருக்கும், கட்டளை மட்டும் தங்கியிருக்கும். பிறகு "ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்" கொண்டு எல்லா ரூட்டர்களிலும் கால அளவுகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். சிஸ்கோவின் இயல்பான அளவுகள் அறிவிப்புக்கு 30, செல்லாததாகக் கருத 180, ஹோல்டுடவுனுக்கு 180, நீக்குவதற்கு 240 நொடிகள். விரைவாக இயங்கட்டும் என்று ஒரு ரூட்டரில் மட்டும் செல்லாக் காலத்தை 15 நொடியாகக் குறைத்து, அண்டை ரூட்டரை 30 நொடியிலேயே விட்டிருந்தால், நல்ல வழித்தடம்கூட ஒவ்வொரு சுற்றிலும் செத்துப் பிழைக்கும். அதைச் சுழல் என்று தவறாகப் படித்து மணிக்கணக்கில் அலைவதும் உண்டு.

இந்த அளவுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீக்கும் கடிகாரம் கடைசி அறிவிப்பு வந்த நொடியிலிருந்தே ஓடுகிறது. அறிவிப்பு நின்றுபோய் 180ஆவது நொடியில் ஹோல்டுடவுன் தொடங்கினால், 240ஆவது நொடியில் பதிவே நீக்கப்படுவதால் காத்திருப்பு உண்மையில் 60 நொடிதான் நீடிக்கும். இணைப்பு மீண்ட பிறகும் வழித்தடம் உடனே திரும்பவில்லை என்று புகார் வந்தால் அது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பாகவே இருக்கும். அதைக் கோளாறு என்று கருதிக் கால அளவைச் சுழியமாக்குவது, காவலாளியை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம்.

அறிகுறி: ஒரே வழித்தடம் இரண்டு நெறிமுறைகளின் பெயரில் மாறி மாறித் தெரிகிறது

பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஒரு பக்கம் ரிப், மறுபக்கம் ஓஎஸ்பிஎஃப். நடுவே எல்லையில் ஆர்1, ஆர்2 என்ற இரண்டு ரூட்டர்கள். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்பதற்காக இரண்டிலும் இருதிசைக் கைமாற்றம் எழுதப்பட்டிருக்கிறது. ரிப் பக்கத்தில் பிறந்த 10.50.0.0/16 வழித்தடத்தை ஆர்1 ஓஎஸ்பிஎஃப் பக்கம் கைமாற்றுகிறது. இப்போது ஆர்2 அதே வழித்தடத்தை இரண்டு வாய்களிலிருந்து கேட்கிறது. எந்த வாயை நம்புவது என்பதை மெட்ரிக் தீர்மானிப்பதில்லை, ஏனெனில் ஹாப் எண்ணிக்கையையும் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டையும் ஒப்பிட முடியாது. நிர்வாகத் தூரம் என்ற நம்பகத்தன்மை எண்ணே தீர்மானிக்கிறது. சிஸ்கோவில் ரிப்புக்கு அது 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சிறிய எண் வெல்லும். எனவே ஆர்2, பக்கத்திலேயே இருக்கும் உண்மையான ரிப் வழியை விட்டுவிட்டு, ஓஎஸ்பிஎஃப் வழியாகச் சுற்றி வந்த செய்தியை அட்டவணையில் ஏற்றுகிறது.

அத்தோடு நின்றால் பாதை சற்று நீளும், அவ்வளவே. ஆர்2 அடுத்ததாக, ஓஎஸ்பிஎஃப் மூலம் கற்ற இந்த வழித்தடத்தை ரிப் பக்கம் கைமாற்றுகிறது. கைமாற்றும்போது உண்மையான தூரம் மறைந்து, நாம் கட்டளையில் எழுதிய தொடக்க மெட்ரிக் மட்டுமே மிஞ்சும். அதை 1 என்று எழுதியிருந்தால், அந்த வலையமைப்பிலிருந்து நான்கு ஹாப் தள்ளியிருக்கும் ரிப் ரூட்டர்கள் ஆர்2 காட்டும் குறுக்குவழியை நம்பித் திரும்பும். பாக்கெட் ஆர்2 ரூட்டருக்கு வந்து, ஓஎஸ்பிஎஃப் வழியாக ஆர்1 ரூட்டரை அடைந்து, மீண்டும் ரிப் பக்கம் இறங்கி, அங்குள்ள ரூட்டரால் ஆர்2 நோக்கியே அனுப்பப்படும். ரிப்பின் ஸ்பிளிட் ஹொரைசனும் ஓஎஸ்பிஎஃப்பின் வரைபடக் கணக்கும் தத்தம் அளவில் சரியாகவே இயங்கிக்கொண்டிருக்கும். செய்தி எல்லையைத் தாண்டியபோது அதன் பிறப்பிடம் அழிந்துபோனதை இரண்டுமே அறியா.

உறுதிசெய்ய, எல்லையிலுள்ள இரு ரூட்டர்களிலும் அந்த ஒரு முன்னொட்டுக்கு "ஷோ ஐபி ரூட்" கட்டளையைச் சில நொடிகள் இடைவெளியில் பலமுறை இயக்குங்கள். வழித்தடம் உண்மையில் எந்தப் பக்கம் பிறந்தது என்பதைத் தாளில் வரைந்துவிட்டு, எல்லை ரூட்டர் அதை எந்தப் பக்கத்திலிருந்து கற்றதாகச் சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் நோய் பிடிபட்டது. "டீபக் ஐபி ரூட்டிங்" மாற்றங்களை வரிசையாகக் காட்டும், ஆனால் பெரிய அட்டவணையுள்ள ரூட்டரில் அலுவல் நேரத்தில் இயக்கினால் ரூட்டரே திணறும்.

அவசரத்துக்கு, ஒரு எல்லை ரூட்டரில் ஒரு திசைக் கைமாற்றத்தை நிறுத்தினால் சுழல் உடனே அறுந்துவிடும். நிலையான தீர்வுக்கு டேக் (வழித்தடத்தோடு ஒட்டிச் செல்லும் அடையாள எண்) பயன்படுத்துங்கள். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்கு மாற்றும் ஒவ்வொரு வழித்தடத்திலும் 120 என்ற டேக்கை ஒட்டுங்கள். ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ரிப்புக்கு மாற்றும் ரூட்மேப்பின் (வழித்தடங்களை வடிகட்டும் விதிப்பட்டியலின்) முதல் வரியிலேயே 120 டேக் உள்ளதை மறுத்துவிடுங்கள். எதிர்த்திசைக்கு 110 என்ற டேக்கைக் கொண்டு இதையே செய்யுங்கள். எண்கள் எவையாயினும் சரி, இரண்டு எல்லை ரூட்டர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செய்தியோடு அதன் பிறப்பிடமும் பயணம் செய்வதால், பிறந்த வீட்டுக்கு அது வேறு பெயரில் நுழைய முடியாது. ரிப் முதல் பதிப்பில் டேக்குக்கு இடமே கிடையாது. அங்கே முன்னொட்டுப் பட்டியலால் வடிகட்டுவதே வழி, ஆனால் புதிய வலையமைப்பு சேரும்போதெல்லாம் அந்தப் பட்டியலைத் திருத்த யாரேனும் மறப்பார்கள்.

டேக் சுழலைத் தடுத்தாலும், ஆர்2 ஓஎஸ்பிஎஃப் வழியையே விரும்பும் சுற்றுப்பாதை அப்படியே இருக்கும். அதையும் சரிசெய்ய, ஓஎஸ்பிஎஃப்பின் வெளி வழித்தடங்களுக்கு மட்டும் நிர்வாகத் தூரத்தை 120க்கு மேல் உயர்த்தலாம். ஈஐஜிஆர்பி இதை இயல்பாகவே செய்கிறது: தன்னுள் பிறந்தவற்றுக்கு 90, வெளியிலிருந்து வந்தவற்றுக்கு 170. அந்தப் பிரிவினை பல சுழல்களை நாம் அறியாமலேயே தடுத்துவருகிறது. ஆனால் ஈஐஜிஆர்பிக்குள்ளேயே ஏற்கெனவே வெளியிலிருந்து வந்த 170 வழித்தடம் ஓஎஸ்பிஎஃப் எல்லைக்கு வந்தால், 110க்கு எதிரே அது தோற்று, பழைய கதை மறுபடியும் தொடங்கும்.

அறிகுறி: இணைப்பு அறுந்த உடன் சில நொடிகள் மட்டும் சுழல், பிறகு தானே சரியாகிவிடுகிறது

ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் போன்றவற்றில் அண்டை ரூட்டர் சொல்லும் தூரத்தை நம்புவதில்லை. பகுதிக்குள் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு தானே கணக்கிடுகிறது. எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருக்கும்வரை சுழல் வராது. இணைப்பு அறுந்தவுடன் ஒரு ரூட்டர் புதிய வரைபடத்திலும் இன்னொன்று பழைய வரைபடத்திலும் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் வருவது நுண்சுழல். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. குரல் அழைப்புகள் அறுபடும் அளவுக்குத் தொல்லை தந்தால், சாதனம் இடம் கொடுக்கும் பட்சத்தில், 2018இன் ஆர்எஃப்சி 8333 விவரிக்கும் உள்ளூர்த் தாமதத்தைப் பயன்படுத்தலாம். திட்டமிட்ட பராமரிப்புக்கு இன்னும் எளிய வழி உண்டு: கம்பியைப் பிடுங்குவதற்கு முன் அந்த ரூட்டரை மேக்ஸ்-மெட்ரிக் நிலைக்கு மாற்றி, அதன் இணைப்புகளின் மதிப்பை 65535 ஆக அறிவிக்கச் செய்து, போக்குவரத்து விலகிய பின் வேலையைத் தொடங்குங்கள்.

நுண்சுழல் நொடிகளில் அடங்காமல் தொடர்ந்தால், இரண்டு ரூட்டர்கள் ஒரே ரூட்டர் ஐடியை வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று அனுப்பும் செய்தியை மற்றது தன்னுடைய பழைய செய்தி என்று எண்ணி மறுத்துப் புதிதாக அனுப்ப, வரிசை எண் ஏறிக்கொண்டே போகும். வரிசை எண் விளையாட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1980 அக்டோபர் 27 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் முடங்கியது சாட்சி. வன்பொருள் கோளாறால் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே முனையின் பெயரில் 8, 40, 44 என்ற மூன்று வரிசை எண்கள் கொண்ட செய்திகள் உலவின. சுழன்று திரும்பும் 6 பிட் எண்ணில் 40ஐவிட 44 புதியது, 8ஐவிட 40 புதியது, 44ஐவிட 8 புதியது. ஒவ்வொன்றும் மற்றொன்றை வென்றுகொண்டே இருக்க, முனைகள் மூன்றையும் ஓயாமல் பரப்பிக்கொண்டிருந்தன. இன்றைய ஓஎஸ்பிஎஃப் வரிசை எண் சுழன்று திரும்பாமல் ஒரே கோடாக ஏறுவது இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டிய செய்தி.

அறிகுறி: அண்டை ரூட்டர் அனுப்புகிறது, நம் அட்டவணையில் வழித்தடம் இல்லை

இங்கே சுழல் இல்லை. காவல் தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்கிறது. தலைமை அலுவலகத்தின் ஒரே டன்னல் இன்டர்ஃபேஸில் பல கிளைகள் இணைந்து ஈஐஜிஆர்பி ஓடும்போது, கிளைகள் தலைமையைப் பார்க்கும், ஒன்றையொன்று பார்க்காது. ஒரு கிளையிடம் கற்றதை அதே இன்டர்ஃபேஸ் வழியாக மறு கிளைக்குச் சொல்ல ஸ்பிளிட் ஹொரைசன் தடுக்கிறது. தலைமையின் அந்த டன்னலில் மட்டும் அதை அணைக்கலாம்; கிளைகளில் அணைக்காதீர்கள். கிளைகளுக்கு டிஃபால்ட் ரூட்டோ ஒரு சுருக்க வழித்தடமோ போதுமானால் அணைக்கவே தேவையில்லை.

தனித்தனி நிர்வாகத்தில் உள்ள வலையமைப்புகளுக்கு (ஏஎஸ்) இடையே ஓடும் பிஜிபி நெறிமுறையில், வரும் வழித்தடத்தின் ஏஎஸ் பாதையில் (கடந்துவந்த ஏஎஸ் எண்களின் வரிசையில்) தன் எண்ணையே கண்டால் ரூட்டர் அதைத் தள்ளிவிடும். சேவையாளரின் எம்பிஎல்எஸ் வலையில் இரண்டு கிளைகளும் ஒரே ஏஎஸ் எண்ணைப் பயன்படுத்தினால் ஒன்றின் வழித்தடம் மற்றதில் ஏறாமல் போவது இதனால்தான். சேவையாளர் தம் பக்கத்தில் ஏஎஸ் எண்ணை மாற்றி எழுதலாம், அல்லது நாம் நம் பக்கத்தில் "அலவ்-ஏஎஸ்-இன்" கொடுக்கலாம். பின்னதைக் கொடுத்தால் எத்தனை முறை வரை அனுமதி என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். எழுதாவிட்டால் சிஸ்கோ 3 என்று எடுத்துக்கொள்ளும், ஒன்றே பெரும்பாலும் போதும். இரண்டு இணைப்புகள் உள்ள கிளையில் இதைச் செய்தால் காவலை எடுத்த இடத்தில் வேறொரு காவல் வேண்டும். தளத்தின் பிறப்பிட அடையாளத்தை வழித்தடத்தில் ஒட்டுவது அதற்காகத்தான்.

ஒரே ஏஎஸ்ஸின் உள்ளே பாதை நீளாததால், உள் அண்டையிடம் கற்றதை இன்னொரு உள் அண்டைக்குச் சொல்லக் கூடாது என்ற விதி உள்ளது. கற்றதை மற்ற உள் அண்டைகளுக்கு எடுத்துச் சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டர் அந்த விதியைத் தளர்த்தி, கிளஸ்டர் பட்டியலை (வழித்தடம் கடந்துவந்த ரிஃப்ளெக்டர் குழுக்களின் ஐடிகளை) காவலாக வைக்கிறது. இரண்டு ரிஃப்ளெக்டர்களுக்கு ஒரே கிளஸ்டர் ஐடி கொடுத்தால் ஒன்று பிரதிபலித்ததை மற்றது மறுக்கும். ஒன்றோடு மட்டும் இணைந்த கிளையன்ட் சில வழித்தடங்களை இழக்கும். தனித்தனி ஐடி கொடுப்பதே என் பரிந்துரை, நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும்.

ஓஎஸ்பிஎஃப் தரவுத்தளத்தில் செய்தி இருந்தும் அட்டவணையில் ஏறாவிட்டால், அந்தச் செய்தியில் டிஎன் பிட் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எம்பிஎல்எஸ் வலையிலிருந்து இறங்கிய வழித்தடம் மீண்டும் அதனுள் ஏறாமலிருக்கச் சேவையாளரின் ரூட்டர் வைக்கும் முத்திரை அது. நம் ரூட்டர் விஆர்எஃப் (தனித்துப் பிரித்த வழித்தட அட்டவணை) ஒன்றில் ஓஎஸ்பிஎஃப்பை இயக்கினால், தன்னையும் சேவையாளர் ரூட்டர் என்று எண்ணி அதை ஏற்க மறுக்கும். "கேப்பபிலிட்டி விஆர்எஃப்-லைட்" என்ற கட்டளை அந்தச் சோதனையை நிறுத்தும்.

ஈஐஜிஆர்பியில் மாற்றுப்பாதை கண்ணெதிரே இருந்தும் ரூட்டர் அதைக் கைக்கொள்ளாமல் அண்டை ரூட்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால், "ஷோ ஐபி ஈஐஜிஆர்பி டோபாலஜி ஆல்-லிங்க்ஸ்" கொடுத்து அண்டை அறிவித்த தூரத்தைப் பாருங்கள். அது நம் சாத்தியத் தூரத்தைவிட (நாம் இதுவரை கண்ட மிகக் குறைந்த தூரத்தைவிட) குறைவாக இருந்தால்தான் முன்கூட்டியே மாற்றாக ஏற்கப்படும். சமமாக இருந்தாலும் ஏற்கப்படாது. சுழல் இல்லாத சில பாதைகளையும் இந்த நிபந்தனை தள்ளிவிடும், ஆனால் சுழல் உள்ள எதையும் உள்ளே விடாது. கேள்விக்கு 3 நிமிடத்துக்குள் பதில் வராமல் அண்டை உறவே அறுந்தால், கிளை ரூட்டர்களை ஸ்டப் (பிறர் போக்குவரத்துக்கு வழி தராத கடைமுனை) ஆக்கி, கேள்வி அங்கே போகாமல் நிறுத்துங்கள்.

திருத்தியபின் சரிபார்த்தல்

பிங் வந்துவிட்டது என்பதோடு விடாதீர்கள். ஸ்டாடிக் சுழலைத் திருத்தியிருந்தால் இல்லாத முகவரிக்கே ட்ரேஸ்ரூட் எடுத்து, அது கிளை ரூட்டரோடு முடிகிறதா என்று பாருங்கள். கைமாற்றத்தைத் திருத்தியிருந்தால், பராமரிப்பு நேரத்தில் வழித்தடம் பிறக்கும் இன்டர்ஃபேஸை அணைத்துவிட்டு, இரண்டு எல்லை ரூட்டர்களிலிருந்தும் அது முற்றிலும் மறைகிறதா என்று நீக்கும் காலமான 240 நொடியும் கடக்கும்வரை காத்திருந்து பாருங்கள். மறைந்த வழித்தடம் வேறு நெறிமுறையின் பெயரில் மீண்டும் முளைத்தால் டேக் வடிகட்டி ஏதோ ஒரு திசையில் விடுபட்டிருக்கிறது. இன்டர்ஃபேஸை மீண்டும் இயக்குவதற்கு முன் அந்தத் திசையைக் கண்டுபிடியுங்கள்.